ராமேஸ்வரம் போகக் கட்டுச்சோறு

காரைக்குடியில் விடியலில் கிளம்பினாலும், பாம்பன் பாலம் தாண்டி, கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி போய்ச் சேர மதியமாகிவிடும். அதுவரை தாங்குவது புளிச்சோறுதான்.

புளிக்காய்ச்சலை முந்தின இரவே செய்துவிடுங்கள். ஆறு பேருக்கு அரிசி 1 கிலோ, பழைய புளி 125 கிராம். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, 15 வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள், கல் உப்போடு கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை இறக்கவே கூடாது. தண்ணீர் மிச்சமிருந்தால் சோறு நசநசத்துவிடும். இறக்கும்போது வறுத்த வெந்தயப் பொடி 1 டீஸ்பூன்.

காலையில் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறியபின் கிளறுங்கள். அவசரத்தில் சூட்டோடு கட்டுவதால்தான் பெரும்பாலும் ஊசிப்போகிறது. ஆவி இலைக்குள்ளேயே வியர்த்துவிடும். வாழையிலையைத் தணலில் வாட்டிக்கொண்டால் மடிப்பில் கிழியாது. தேங்காய்த் துவையல் வேண்டாம், வெயிலில் கெடும். வத்தலே போதும்.

தீர்த்தமாடிய ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். ஆளுக்கொரு மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் நிழல் குறைவு, காற்றில் மணல் பறக்கும். பொட்டலத்தை வண்டிக்குள்ளேயே பிரியுங்கள்.