கொண்டை ஊசி வளைவை எண்ணி மலையை எடை போடாதீர்கள்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையில் 40, ஏற்காட்டில் 20. எந்த மலைக்கு சைக்கிளில் போகலாம் என்று யோசிக்கும் பலரும் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். வளைவு அதிகம் என்றால் ஏற்றமும் கடினம் என்று அர்த்தமில்லை. சரிவைக் குறைப்பதற்காகத்தானே ரோட்டை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள்!

உயரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் தப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சுமார் 33 கி.மீ.யில் 1,450 மீட்டர் போல ஏறுகிறோம். பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பேர்பெற்ற ஆல்ப் துவெஸ் ஏற்றம் 1,100 மீட்டர் அளவுதான். ஆனால் அது 14 கி.மீ.க்குள் முடிந்துவிடும். அங்கே சராசரிச் சரிவு 8 சதவீதம், இங்கே கிட்டத்தட்ட அதில் பாதி. அங்கே லேசான கியர் இல்லாமல் முடியாது. இங்கே தண்ணீரும் சாப்பாடும் பொறுமையும் வேண்டும். எது பெரியது என்று கேட்பதைவிட, எது எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு பிரேக்கை விடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, மலை இல்லாத ரோட்டை ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதுதான். எங்கள் பொள்ளாச்சி–உடுமலை ரோடு பெரிய ஏற்றமில்லாதது. ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும். தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்குப் பக்கமாகவே சாய்ந்து துடிக்கும். கிழக்கே உடுமலைக்குப் போகும்போது மிதிக்காமலே போவது போல இருக்கும். காலில் தெம்பு வந்துவிட்டது என்று நினைப்போம். திரும்பும்போது காது இரண்டிலும் காற்று இரையும். சமதளத்திலேயே மலைக்குரிய கியரைத் தேட வேண்டிவரும். அந்தப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே இது புரியும்.

அதனால் அந்த மாதங்களில் கிளம்பும்போதே காற்றை எதிர்த்து, மேற்கே கோபாலபுரம் பக்கம் போங்கள். வரும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். அப்புறம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் அதே ரோட்டுக்கு வாருங்கள். தோப்புகளுக்குப் பின்னால் ஆனைமலை அவ்வளவு கிட்டத்தில் தெரியும்.