ஜாக்கோவைக் கேட்டுவிட்டுக் குறடு எடுக்கும் தம்பிகளுக்கு

"அண்ணா, பேஸ்ல இருக்கற ஃப்ரெட்டை எல்லாம் கழட்டிடலாம்னு பாக்கறேன்."

தருமபுரியில் மெல்லிசைக் குழுவுக்கு பேஸ் கிட்டார், அதாவது தடித்த தந்தி போட்ட கீழ்ஸ்தாயி கிட்டார், வாசிக்கிற எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போய்விட்டது. வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃப்ரெட். சொல்கிற தம்பி அநேகமாக முந்தின வாரம்தான் ஜாக்கோ பாஸ்டோரியஸைக் கேட்டிருப்பான். ஜாஸோடு ராக்கையும் ஃபங்க்கையும் கலந்த ஃப்யூஷன் இசையில், பின்னால் நின்றுகொண்டிருந்த பேஸை மேடைக்கு முன்னால் கொண்டுவந்த ஆள் அவர். அவருடைய பேஸில் ஃப்ரெட் கிடையாது. 1951-ல் அமெரிக்காவில் பிறந்து, 1987-ல் 35 வயதில் இறந்துபோனார். கேட்டால் கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும். அந்தக் கிறுக்கில் அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். முக்கால்வாசித் தவறுகளை நானே செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் தவறு குறடுதான். வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃப்ரெட். நானும் ஒரு சித்திரை மதியம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருபதையும் பிடுங்கினேன். மரம் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. பள்ளங்களில் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, அடுத்த வாரமே பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டில் கீபோர்டு அண்ணன் என் பக்கம் குனிந்து, "தம்பி, சுருதியை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார்.

வீட்டுக்கு வந்துதான் காரணம் புரிந்தது. ஃப்ரெட் இருக்கும்போது விரலை அதற்குச் சற்றுப் பின்னால் வைத்து அழுத்துவோம். தந்தி போய் ஃப்ரெட்டில் உட்காரும், சுருதி தானாகச் சரியாக வரும். ஃப்ரெட் இல்லாத பேஸில் தந்தி உட்காரும் இடம் விரல்தான். அதனால் பழைய ஃப்ரெட் இருந்த கோட்டின் மேலேயே விரல் விழ வேண்டும். நான் பழக்கதோஷத்தில் பின்னாலேயே வைத்து, ராத்திரி முழுக்கச் சுருதி இறங்கியே வாசித்திருக்கிறேன். கோட்டுவாத்தியம் வாசிப்பவரைக் கவனித்தால் இது விளங்கும். அங்கே மெட்டும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது.

ஜாக்கோ அதைப் பகட்டுக்காகச் செய்யவில்லை. காசு சேர்த்து ஒரு பெரிய டபுள் பேஸ் வாங்கினார். நிமிர்த்தி வைத்து வாசிக்கிற, ஃப்ரெட் இல்லாத மர வாத்தியம் அது. ஃப்ளோரிடாவின் ஈரக்காற்றில் அது வெடித்துவிட்டது. அப்புறம்தான் 1962-ம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸுக்கு வந்து, அந்த மரப் பேஸின் குழைவை அதில் தேடினார். ஃப்ரெட் போன பள்ளங்களை அடைத்தார். வெறும் மரத்தை எஃகுத் தந்தி அரித்துவிடும் என்பதால், படகுக்குப் பூசும் எபாக்சிப் பிசினை விரல் வைக்கும் பலகை மேல் பூசினார். அந்தக் கண்ணாடி மாதிரிப் பரப்பும், தந்தி முடிகிற பிரிட்ஜ் பக்கத்தில், ஒலியை வாங்கும் பிக்கப்பை ஒட்டி மீட்டிய வலது கையும் சேர்ந்ததுதான் அந்த முனகல் சத்தம். என் ஃபெவிகால் பலகையைத் தந்தி ஆறே மாதத்தில் உழுதுவிட்டது.

இரண்டாவது தவறு, ஜாக்கோவை போனில் கேட்பது. பேஸின் தடித்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு கீழே போன் ஸ்பீக்கர் இறங்காது. மேல்ஸ்தாயியில் பறக்கிற வேகமும் ஹார்மோனிக்ஸ் மணியோசையும் மட்டும் காதில் விழும். அடியில் அவர் டிரம்ஸோடு கோத்துக்கொண்டு ஓட்டுகிற தாளம் விழாது. அப்புறம் தம்பி வாசிக்கும்போதும் மேலே மட்டும்தான் பறப்பான். கீழே காலியாக இருக்கும். ஒரு நல்ல ஹெட்போன் கடன் வாங்கியாவது கேளுங்கள்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? அவர் அப்பா டிரம்மர். ஜாக்கோவும் டிரம்ஸில்தான் ஆரம்பித்தார். 13 வயதில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும்போது மணிக்கட்டு அடிபட்டு, கொஞ்ச காலத்தில் பேஸுக்கு மாற வேண்டியதாயிற்று. 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் முதல் துண்டு, டோனா லீ என்கிற பழைய பாட்டு, பீபாப் என்கிற வேகமான ஜாஸ் வகை. அதில் பேஸும் ஒரு காங்கா மேளமும் மட்டும்தான், துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. எல்லோரும் பேஸ் சுரங்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். காங்காவை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பம்பைக்குப் பஞ்சமா? கூத்தோ பண்டிகையோ நடந்தால் பம்பைக்காரர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எங்கே அடிக்கிறார் என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். என்னைக் கேட்டால், எந்தத் தந்தியில் எங்கே விரல் என்று எண் போட்டு எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கிற ஒரு மாதத்துக்கு அது சமம்.

கச்சேரியைக் கேவலமாக நினைப்பது இன்னொன்று. "சினிமாப் பாட்டு வாசிச்சா கை கெட்டுப்போயிடும், பெங்களூர் போய் ஜாஸ்தான் வாசிப்பேன்" என்று கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் எங்கள் குழுவை விட்டுப் போனான். ஜாக்கோ 1972-ல் வேன் காக்ரன் என்ற பாடகரின் சோல் இசைக்குழுவோடு பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றியவர். கூட்டம் ஆடுவதற்கான இசை அது. ராத்திரிக்கு ராத்திரி அதை வாசித்துத்தான் அந்தக் கை வந்தது. வெதர் ரிப்போர்ட் என்ற ஃப்யூஷன் குழுவில் அவர் சேர்ந்தது நாலு வருஷம் கழித்து. நம் கச்சேரியிலும் ஒரே இரவில் நாற்பது பாட்டு, நடுவில் பாடகர் சொல்லாமல் கொள்ளாமல் சுருதி மாற்றுவார், தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிப்பவர் சாப்பிடப் போயிருப்பார். இதைச் சமாளித்தவனுக்குப் பெங்களூரில் பயமில்லை.

சின்னச் சின்னதாகவும் உண்டு. கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகி சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். ஏப்ரல் வெயிலில் பையோடு வேன் கூரையில் போட்டால் பேஸின் கழுத்து வளையும். பட்டையை முழங்காலுக்கு இறக்கிப் போட்டால் மணிக்கட்டு போகும்.

எனக்குக் கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு. அவர் குடியையும் அலைச்சலையும் மேதைமைக்கு அடையாளமாகப் பேசுவது. தொழிலின் தொடக்க வருஷங்களில் ஜாக்கோ மதுவையும் போதையையும் ஒதுக்கியே வைத்திருந்தார். பழக்கம் முற்றியது வெதர் ரிப்போர்ட் காலத்தில். 1982-ல் இருமுனை மனநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். குடி அந்த நோயை இன்னும் கிளறிவிட்டது. வாய்ப்புகள் போயின, தெருவில் படுத்தார். அந்தப் பேஸும் 1986-ல் நியூயார்க்கில் களவு போனது. மறு வருஷம் செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளப் வாசலில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே இறந்தார். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? கச்சேரி முடிந்ததும் பாட்டிலைத் திறந்துகொண்டு "ஜாக்கோ மாதிரி" என்று சிரிப்பவர்களோடு நான் இப்போது ஒரே வேனில் ஏறுவதில்லை.

போன வாரம் வந்த தம்பிக்கும் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். மரத்தூள் கோடு போட்ட என் பழைய பேஸைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். கோட்டின் மேலேயே விரல் வைத்து நாலு சுரம் வாசித்தான். மூன்று சரியாக விழுந்தது.

"அப்ப எப்பண்ணா கழட்டலாம்?" என்றான்.

"ஆடிக்குப் பதினோரு கச்சேரி ஒத்துக்கிட்டு அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். அது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."