ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவிட்டார்களா? வீட்டில் பார்க்க வேண்டியவை

அப்பாவுக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்த அன்று, இதயம் நிற்கப்போகிறது என்று நினைத்து எங்கள் வீடே அழுதது. அதற்கு அர்த்தம் அது இல்லை. இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது, அதனால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குகிறது. மூச்சுத்திணறல் ஏதோ ஒரு ராத்திரியில் திடீரென்று வந்த மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நாள் முன்பே உடம்பின் எடை அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் முதலில் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு, கட்டன் சாயா குடிக்கும் முன்பு, தினமும் ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நிற்கச் சொல்லி, காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால் அது சாப்பாட்டில் வந்த சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நிற்கிறதா என்று. குழி விழுந்தாலும், ஒரு தலையணையில் படுத்தவர் மூச்சு முட்டி மூன்று கேட்டாலும் அதே நீர்க் கதைதான்.

அடுத்தது உப்பு, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதுதான் பெரிய பாடு. சமையல், தொடுகறி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். பழங்கஞ்சிக்கு ஒரு துண்டு கருவாடு, கொஞ்சம் உப்பு மாங்காய், ஒரு பப்படம் என்று வைத்தால் காலையிலேயே கணக்கு முடிந்துவிடும். கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் உப்பு முழுசாகப் போகாது. பச்சை மீனைப் புளி, நல்லமிளகு, தேங்காய் தாராளமாகச் சேர்த்துக் குழம்பு வைத்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது, அப்பா இரண்டு வாரத்தில் பழகிவிட்டார். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், எனாலாபிரில், ராமிபிரில் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இளநீரும் ஏத்தன் (நேந்திரம்) பழமும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர்தான் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அவர் அளவு சொல்லியிருந்தால், சாயா, கஞ்சித் தண்ணி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

நீர் போகிற மாத்திரையைக் காலையில் கொடுங்கள், ராத்திரி தூக்கம் கெடாது. மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம், பஸ்ஸில் ஒண்ணுக்கு வரும் என்று அப்பா இரண்டு நாள் அதைச் சாப்பிடாமலே விட்டுவிட்டார், மூன்றாம் நாள் படுக்கவே முடியவில்லை. வெளியே போகிற நாளில் எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம். மெட்டோப்ரோலால், கார்வெடிலால் மாதிரி மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. டிகாக்சின் கொடுக்கும் முன்பு மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், 60-க்குக் கீழே இருந்தாலோ, குமட்டலோ, பார்வை மஞ்சளாகத் தெரிவதோ இருந்தாலோ கொடுக்காமல் டாக்டரிடம் பேசுங்கள். முட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடவே கூடாது, அது உடம்பில் நீரைத் தேக்கும்.

சரி, நெஞ்சு வலி வந்தால்? தயவுசெய்து 'கேஸ்' என்று சொல்லி சோடாவும் சுக்குக் கஷாயமும் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். நெஞ்சை அமுக்குகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை இதெல்லாம் மாரடைப்பாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும்கூட வரும். முதலில் உட்கார வையுங்கள். டாக்டர் ஏற்கெனவே சார்பிட்ரேட் (நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை) எழுதியிருந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். பிரஷர் ஏற்கெனவே ரொம்பக் குறைவாக இருந்தாலோ, ஒன்றிரண்டு நாளுக்குள் ஆண்மைக் குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ அதைக் கொடுக்கக் கூடாது, வெட்கப்படாமல் கேளுங்கள். 5 நிமிடத்தில் வலி விடாவிட்டால் 108. வீட்டில் அந்த மாத்திரை இல்லையென்றால் காத்திருக்காமல் உடனே 108.

பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அவரை மாடிப்படி இறங்கி நடக்க விடாதீர்கள், நாற்காலியில் வைத்துத் தூக்குங்கள், மாத்திரைச் சீட்டையும் எடை எழுதிய காலண்டரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.