அரசு ஊழியர் பற்றி ஆர்.டி.ஐ. மனு: எதைக் கேட்கலாம், எப்படி எழுதலாம்

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அண்ணன் சில மாதங்களுக்கு முன் ஒரு பதில் கடிதத்தோடு என்னிடம் வந்தார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜூனிலிருந்து கணக்குப் பாடம் சரியாக நடக்கவில்லை, டீச்சர் பாதி நாள் வருவதில்லை. இவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டிருக்கிறார். கேட்டது தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. “சம்பளம் நம்ம வரிப்பணம், அதைப் பத்திக் கேக்கக் கூடாதா தம்பி?” என்றார்.

தாராளமாகக் கேட்கலாம். மனுவின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஆசிரியரின் வீட்டு முகவரி, கைப்பேசி எண், மருத்துவ விடுப்புக்கு என்ன நோய், மருத்துவச் சான்றின் நகல், பணிப்பதிவேடு முழுவதும், சொத்து விவரம் என ஆறு கேள்விகள். மகளுக்குக் கணக்கு வகுப்பு நடக்கிறதா என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

என் அக்காவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கிராம சுகாதார செவிலியர். சில வருடங்களுக்கு முன் யாரோ போட்ட மனுவுக்கு, ஊழியர் பட்டியலை வீட்டு முகவரி, சொந்த போன் நம்பரோடு அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் முகம் தெரியாதவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா நம்பரை மாற்றினார். வலி எடுத்தால் கூப்பிட வேண்டும் என்று கர்ப்பிணிப் பெண்கள் சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்த நம்பர் அது. அந்தத் தாளால் மனு போட்டவருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதனால் மனு எழுத வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: நாற்காலியைப் பற்றிக் கேளுங்கள், அதில் உட்கார்ந்திருப்பவரின் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

முதலில்: கேட்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் பதவியும் வேலையும்: எத்தனை பணியிடங்கள், எத்தனை காலி, யாருக்கு என்ன பொறுப்பு, சம்பளம், இடமாற்ற உத்தரவு, மாற்றுப்பணி (தற்காலிகமாக வேறு இடத்தில் வேலை பார்க்க அனுப்புவது), வேலை நடந்த நாட்கள். வலது பக்கம் ஆள்: வீட்டு முகவரி, சொந்த எண், ஆதார், பான், வங்கிக் கணக்கு, சம்பளத்தில் பிடிக்கும் கடன், நோய், குடும்பம். வலது பக்கம் விழுந்ததையெல்லாம் அடித்துவிடுங்கள்.

கோட்டின் மேலேயே நிற்கிற விஷயங்களும் உண்டு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை (மெமோ), தண்டனை விவரம், சொத்து அறிக்கை போன்றவை தனிப்பட்ட தகவல் என்றும், பெரிய அளவில் பொதுநலன் இருந்தால்தான் தர வேண்டும் என்றும் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அப்புறம் வந்த மாற்றம்தான் பெரியது. பழைய 8(1)(ஜே)-இல், பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத, அல்லது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் நுழைகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சுருக்கி, ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இது தவறான திருத்தம். என் அக்காவின் நம்பரைக் காப்பாற்ற பழைய பிரிவே போதும். புதிய பிரிவோ காலிப் பணியிடக் கேள்விக்குக்கூட சாக்கு ஆகலாம். ஆனால் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் அலுவலகம் தகவலைத் தரலாம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஏற்கெனவே வெளியே இருப்பதைத் தேடுங்கள்

பிரிவு 4(1)(பி)-இன்படி ஒவ்வொரு அலுவலகமும் தன் அலுவலர், ஊழியர் பட்டியலையும் அவர்கள் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இணையதளத்தில் பாருங்கள். இல்லாவிட்டால், “பிரிவு 4(1)(பி)-இன்கீழ் வெளியிடப்பட்ட விவரங்களின் நகல்” என்று மனுவில் ஒரு வரி சேருங்கள்.

மனுவை எழுதுங்கள்

அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் என்று வழக்கமான கடிதம்தான். பெறுநர் இடத்தில் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று எழுதி அலுவலகத்தின் பெயரைப் போடுங்கள். அவருடைய சொந்தப் பெயர் தேவையில்லை. பொருளில் “தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்கீழ் தகவல் கோருதல்” என்று போதும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் சொல்லமாட்டார்கள்.

அந்த அண்ணனுக்கு நாங்கள் மறுபடி எழுதியது இப்படி:

1. இப்பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை? இதில் காலியாக உள்ளவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து?
2. ஜூன் முதல் நவம்பர் வரை பள்ளி வேலை நாட்கள் எத்தனை? அப்பணியிடத்தில் உள்ளவர் பள்ளியில் பணியாற்றிய நாட்கள், விடுப்பு நாட்கள், மாற்றுப்பணி நாட்கள் எத்தனை? எண்ணிக்கை மட்டும் போதும். விடுப்பின் காரணம் தேவையில்லை.
3. அந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தச் செய்த மாற்று ஏற்பாடு, மாற்றுப்பணி குறித்த உத்தரவுகளின் நகல்.

கடைசியில் இதையும் சேர்த்தோம்: “இதில் தனிப்பட்ட விவரம் ஏதேனும் இருந்தால் பிரிவு 10-இன்படி அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தரவும். மாணவர்களின் கல்வி சம்பந்தப்பட்டது என்பதால் பிரிவு 8(2)-ஐயும் கருத்தில் கொள்ளவும்.” தகவலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. ஆனால் ஊழியர் பற்றிய மனுவில் இப்படி ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

பதில் வந்தது. அந்த டீச்சர் வாரத்தில் மூன்று நாள் வேறொரு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டிருந்தார். உத்தரவின் நகலும் கூடவே இருந்தது. அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “நான் அந்த அம்மாவைத் திட்டிக்கிட்டு இருந்தேனே” என்றார். அந்த உத்தரவைக் காட்டித்தான் பெற்றோர்கள் சேர்ந்து கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள்.

கட்டணமும் அனுப்புவதும்

கடலூரில் உள்ள தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் மனுவின் தலைப்பில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். புதுச்சேரி அரசு அலுவலகம் என்றால் விதி வேறு. யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய அரசு விதிகள் பொருந்தும், 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் எடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்றின் நகலை இணைக்க வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் செய்து வையுங்கள்.

பதில் வராவிட்டால், மறுத்துவிட்டால்

30 நாள் அவகாசம். ஊழியரைப் பற்றிய தகவல் என்றால் பிரிவு 11-இன்படி அந்த ஊழியருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் கருத்தைக் கேட்கலாம். அப்போது 40 நாள் வரை ஆகும், பதறாதீர்கள். அதன் பிறகு, 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் இல்லை. எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள், எந்தக் கேள்வி பணி சார்ந்தது, எதில் பொதுநலன் இருக்கிறது என்று மூன்று பத்தியில் எழுதினால் போதும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாட்களுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி தவறு செய்கிறார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் கடலூர்க்காரரின் மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும், புதுச்சேரி அரசு மீதான மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. உங்கள் வீடு எங்கே என்பது கணக்கில்லை, அலுவலகம் யாருடையது என்பதைப் பாருங்கள்.

தகவல் கைக்கு வந்த பிறகு

யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். அலுவலகம் அடிக்க மறந்த போன் நம்பர், கையெழுத்து, கணக்கு எண் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். கறுப்பு மார்க்கரால் அடியுங்கள். அதோடு விடாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் மார்க்கருக்கு அடியில் எழுத்து தெரியும். அடித்த தாளை ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை போட்டோ பிடித்துக் குழுவில் போடுங்கள்.