அந்தியூர் சந்தைக்குப் பழைய பைக்கில் போகிறீர்களா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரையும் மாடும் பார்க்க ஜாவா, எஸ்டி, பழைய புல்லட் என்று கூட்டமாகக் கிளம்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. இருப்பதிலேயே மெதுவான வண்டியை முன்னால் விடுங்கள். ஸ்பேனர் வைத்திருப்பவர் கடைசியில் வரட்டும். எஸ்டிக்குப் பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலக்க வேண்டும். எல்லா பங்க்கிலும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆயிலும், வண்டிக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கும் கையோடு இருக்கட்டும்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். ஆசைக்கு வண்டி மாற்றி ஓட்டிப் பார்ப்பதெல்லாம் சந்தைக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

முக்கியமாக, குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் போவதற்கு வெகு தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சைலன்சர் சத்தத்தில் குதிரை மிரண்டால் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனால் என்ன!

நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள், இல்லையென்றால் கார்புரேட்டர் வழிந்து, திரும்பும்போது கிக்கர் அடித்தே கால் ஓய்ந்துவிடும். ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு புதையும். அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு போதும். அப்புறம், பழைய வண்டியின் மங்கலான 6 வோல்ட் விளக்கை நம்பி இருட்டில் வராதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.