.22 பிஸ்டலை எப்போ கிளீன் பண்ணணும், எங்க கிளீன் பண்ணணும்?

போன மாசம் நம்ம பையன் ஒருத்தன் (மதுரைக்காரன், இப்போ இங்க டெக்சாஸ்ல எங்க டீம்லதான் இருக்கான்) போன் பண்ணி, அண்ணே புது .22 வாங்கினேன்ல, ரேஞ்சுக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு தடவையும் ஒன்னரை மணி நேரம் பேரலைத் தேய்க்கிறேன், துணி வெள்ளையா வரவே மாட்டேங்குது, அடுத்த வாரம் போனா மூணாவது மேகசின்லயே ஜாம் ஆகுதுன்னு ஒரே புலம்பல். கொண்டு வாடான்னு சொல்லித் தொறந்து பார்த்தா, பேரல் கண்ணாடி மாதிரி மின்னுது, ஆனா போல்ட்டோட (தோட்டாவுக்குப் பின்னாடி மூடிக்கிட்டு முன்னும் பின்னும் போயிட்டு வர்ற பாகம்) முகத்துல அடுப்பு மேடை பிசுக்கு மாதிரி கறுப்பா அப்பிக் கெடக்கு. தேய்க்க வேண்டியதை விட்டுட்டு, தேய்க்க வேண்டாததைத் தேய்ச்சிருக்கான். புதுசா வர்றவங்க நெறைய பேர் இதைத்தான் பண்றாங்க, அதான் இந்தப் பதிவு.

என்கிட்ட இருக்கறது ரூகர் மார்க் 4, அதை வெச்சுத்தான் சொல்றேன். வேற பிஸ்டல்னா கழட்டுற முறை மாறும், உங்க மேனுவலைப் பாருங்க, அழுக்கு சேர்ற இடம் பெருசா மாறாது.

.22 ஏன் இவ்வளவு அழுக்கு?

9 எம்எம் குண்டுக்கு மேல செம்பு உறை இருக்கும். .22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், இல்லன்னா மேல லேசா செம்பு முலாம், அதுக்கு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு. தோட்டா பாக்கெட்டைக் கையில அள்ளிப் பாருங்க, விரல் பிசுபிசுன்னு ஆகும், அதுதான். அப்புறம் தீப்பிடிக்கற மருந்து நடுவுல இல்லாம அடிவிளிம்பு முழுக்க இருக்கும், ரிம்ஃபயர்னு பேரே அதனாலதான். சுட்டதும் காலி கேஸ் (தோட்டாவோட கூடு) பின்னாடி தள்ளித்தான் போல்ட் தொறக்குது, அப்போ புகை, கரி, உருகின மெழுகு, எரியாத மருந்துத்தூள் எல்லாம் சேர்ந்து உள்ள வந்து உக்காந்துக்கும்.

இதுல ஒரு நல்லதும் இருக்கு. இப்போ வர்ற .22 தோட்டா மருந்து துருப்பிடிக்க வைக்காது, அந்த மெழுகே பேரலுக்கு உள்ள மெல்லிசா ஒட்டிக்கிட்டுப் பாதுகாப்பா இருக்கும். தோசைக்கல்லை வீட்ல யாராவது சோப்பு போட்டு தேய்ச்சு வெச்சா மறுநாள் முதல் ரெண்டு தோசை பிஞ்சு பிஞ்சு வருமில்ல, பேரலும் அப்படித்தான், முழுசாத் தேய்ச்சு எடுத்தீங்கன்னா அடுத்த பத்து இருபது ரவுண்டு அங்கொண்ணு இங்கொண்ணாப் போகும், திரும்ப மெழுகு படிஞ்சாத்தான் ஒரே இடத்துல விழும்.

சரி, எப்போ எப்போ?

என் கணக்கு இது, வேற ஆளு வேற மாதிரி சொல்வாங்க. ரேஞ்சுக்குப் போயிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் போல்ட் முகம், எக்ஸ்ட்ராக்டர் (ஸ்டெப் 3ல சொல்ற கொக்கி), சேம்பர் (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) வாய் – அஞ்சு நிமிஷ வேலை. ஒரு 500 ரவுண்டுக்கு ஒரு தடவை கழட்டி நல்லா. பேரலுக்குக் கணக்கே கிடையாது, குறி கலைய ஆரம்பிச்சா மட்டும் கை வைங்க. மழையில நனைஞ்சாலோ, வேர்வைக் கையோட ரொம்ப நேரம் வெச்சிருந்தாலோ அன்னிக்கே துடைச்சிடணும். சைலன்சர் மாட்டிச் சுடறவங்களுக்கு அழுக்கு டபுள், அதுக்கேத்த மாதிரி சீக்கிரமாப் பண்ணிக்குங்க. புது பிஸ்டல்னா சுடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை தொறந்து கம்பெனி எண்ணெயைத் துடைச்சிடுங்க.

ஸ்டெப் 1: காலியா இருக்கான்னு பாருங்க

மேகசினை வெளிய எடுங்க. எடுத்துட்டதால காலின்னு நினைக்காதீங்க, சேம்பர்ல ஒண்ணு உக்காந்திருக்கலாம். போல்ட்டைப் பின்னாடி இழுத்து, கண்ணால பார்த்து, சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்க. தோட்டா டப்பா வேற ரூம்ல இருக்கணும், அதே மேஜையில இருக்கவே கூடாது. பிஸ்டலோட வாய் எப்பவும் ஆள் இல்லாத பக்கம்.

ஸ்டெப் 2: கழட்டறது

போல்ட் இழுத்து விட்டதுல ஹேமர் (உள்ள இருக்கற சுத்தியல்) ஏறியிருக்கும், போல்ட் மூடி இருக்கட்டும், சேஃப்டியைப் போடுங்க. பின்னாடி ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா மேல்பாகம் பின்பக்கமிருந்து தூக்கிக்கும், அப்படியே எடுத்துடலாம், போல்ட்டும் பின்னாடி வழியா வழுக்கிட்டு வந்துடும். அவ்வளவுதான். போல்ட்டுக்குள்ள, தோட்டாவைக் குத்தற ஃபயரிங் பின்னைத் தாங்கற குட்டிப் பின் ஒண்ணு இருக்கு, அதைக் கழட்டாதீங்க, அது இல்லாம மாட்டி ட்ரிக்கரை இழுத்தா ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்புலயே குத்திடும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்களுக்கு ஒண்ணு: 2017 ஜூன் 1க்கு முன்னாடி செஞ்ச மார்க் 4 எல்லாத்தையும் சேஃப்டி பிரச்சினைக்காக கம்பெனியே திரும்பக் கூப்பிட்டாங்க. சீரியல் நம்பரை அவங்க சைட்ல போட்டு, உங்களது சரி பண்ணதான்னு பார்த்துட்டு அப்புறம் தொடுங்க.

ஸ்டெப் 3: போல்ட், இதுதான் மெயின்

பழைய டூத் பிரஷ்ல கொஞ்சம் சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கற திரவம்) தொட்டு போல்ட் முகத்தைத் தேய்ங்க. தேய்ச்சதும் முடிஞ்சுதுன்னு வைக்காதீங்க, எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு கொக்கி இருக்கும் பாருங்க, காலி கேஸோட விளிம்பைப் பிடிச்சு இழுக்கறது, அதுக்கு அடியில கரியும் மெழுகும் சேர்ந்து கல்லு மாதிரி இறுகியிருக்கும், பல்குச்சியை விட்டு நோண்டி எடுங்க. அந்த மதுரைப் பையனோடதுல இதுல இருந்துதான் கடுகளவு கறுப்பு உருண்டை வந்துச்சு, அதனாலதான் கொக்கி சரியாப் பிடிக்காம கேஸ் வெளிய வராம நின்னுருக்கு, எடுத்த பிறகு அன்னிக்கு சாயங்காலம் 200 ரவுண்டு ஒரு தடங்கல் இல்லாமப் போச்சு.

ஸ்டெப் 4: சேம்பரும் உள்பக்கமும்

.22 வெண்கல பிரஷ்ஷை சால்வென்ட்ல நனைச்சு, பின்னாடியிலிருந்து சேம்பர்ல விட்டு நாலஞ்சு சுத்து சுத்துங்க, அப்புறம் துணியால துடைச்சுக் காய விடுங்க. தோட்டா ஏறிப் போற சரிவை ஒரு துடை. கீழ்பாகத்துல ட்ரிக்கர் பக்கம் காட்டன் பட் வெச்சு எட்டற வரைக்கும் போதும், பிரிக்காதீங்க. மேகசினை வெறும் துணியால துடைங்க, உள்ள எண்ணெய் விட்டா மருந்துத்தூள் எல்லாம் அதுல ஒட்டிக்கும்.

ஸ்டெப் 5: பேரல் (தேவைன்னா மட்டும்)

எப்பவும் சுடற இடத்துல, எப்பவும் சுடற தோட்டாவிலயே குறி விரிஞ்சு போகுதுன்னா ஈயம் படிஞ்சிருக்கலாம். சால்வென்ட் நனைச்ச துணி ஒண்ணு, பத்து நிமிஷம் விடுங்க, வெண்கல பிரஷ் அஞ்சு தடவை, காய்ஞ்ச துணி ரெண்டு மூணு. நிறுத்திடுங்க. துணி சாம்பல் கலர்ல வந்தாலும் பரவாயில்ல. கிளீனிங் ராடை (பிரஷ் மாட்டற கம்பி) முன்பக்கத்து வாயில இருந்து விடாதீங்க, குண்டு கடைசியா வெளிய வர்ற அந்த விளிம்பு தேய்ஞ்சா குறி போச்சு, திரும்ப வராது. ஸ்டீல் பிரஷ் வேண்டாம், செம்பைக் கரைக்கற அமோனியா சால்வென்ட்டும் வேண்டாம், இங்க பேரல்ல ஒட்டறது ஈயம்தானே.

ஸ்டெப் 6: எண்ணெய்

போல்ட்டோட ரெண்டு பக்கவாட்டுலயும் பக்கத்துக்கு ஒரு சொட்டு, விரலால பரப்பி மிச்சத்தைத் துடைங்க. எண்ணெய் கூடினா கரி அதுல ஊறிக் களிம்பாயிடும், கம்மியா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. சேம்பர் காய்ஞ்சே இருக்கணும்.

ஸ்டெப் 7: மாட்டிப் பாக்கறது

போல்ட்டை உள்ள விட்டு, மேல்பாகத்தை முன்னாடி கொக்கியில மாட்டி, கீழ அமுக்கினா டக்குன்னு உக்காரும். காலி மேகசினைப் போட்டு (மேகசின் இல்லாம இதுல ட்ரிக்கர் வேலை செய்யாது, பழுதுன்னு பயந்துடாதீங்க) போல்ட்டை இழுங்க, காலி மேகசின் இருக்கறதால பின்னாடியே நின்னுக்கும், பக்கத்துல இருக்கற போல்ட் ஸ்டாப்பை அமுக்கி மூடுங்க, சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுங்க, ஹேமர் விழக் கூடாது. சேஃப்டியை எடுத்துட்டு இழுத்தா விழணும்.

இதெல்லாம் பண்றப்போ நைட்ரைல் கையுறை போட்டுக்குங்க, அந்தக் கறுப்பு அழுக்குல ஈயம் இருக்கு. சாப்பாட்டு மேஜையில பண்ணாதீங்க, குழந்தைங்க பக்கத்துல வேண்டாம், ஜன்னல் தொறந்திருக்கட்டும், முடிச்சதும் சோப்பு போட்டு பச்சைத்தண்ணில கை கழுவுங்க. எங்க வீட்ல முதல் நாளே சால்வென்ட் வாசனைக்கு என்னை கராஜுக்குத் துரத்திட்டாங்க, நாலு வருஷமா அங்கதான் குடித்தனம்.

பழைய மார்க் 1, 2, 3 வெச்சிருக்கறவங்க இந்த ஸ்டெப் 2ஐ நம்பி எறங்கிடாதீங்க. அதையெல்லாம் கழட்டறது ஈஸி, திரும்ப மாட்டறதுக்குள்ள தாவு தீர்ந்துடும், ஹேமருக்குப் பின்னாடி தொங்கற குட்டிக் கம்பி அதோட இடத்துல உக்காந்தாத்தான் மூடும். போல்ட்டைப் பின்னாடி நிறுத்தி, கேஸ் வெளிய வர்ற ஓட்டை வழியா பல்குச்சியும் காட்டன் பட்டும் விட்டு போல்ட் முகத்தையும் சேம்பர் வாயையும் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் முழுசாக் கழட்டுங்க, அதுவும் ஞாயித்துக்கிழமை காலையில, வேற எந்த வேலையும் வெச்சுக்காம. நான் ஒரு ஃப்ரெண்டோட மார்க் 3ஐ ராத்திரி பத்து மணிக்குப் பிரிச்சுட்டு, பன்னெண்டரைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல பாகம் பாகமாப் போட்டுத் திருப்பிக் குடுத்தேன்.