பழைய பித்தளை, வெண்கலம் சேர்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, கூஜா, தூக்குவிளக்கு என்று எது வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பழம்பொருளின் மேல் இருக்கும் கரும்பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. பல பத்தாண்டுகளாக உலோகமும் காற்றும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து உண்டாக்கிய படலம், உள்ளிருக்கும் உலோகத்துக்குப் பாதுகாப்பும் அதுவே. புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்துவிடும். பித்தளையில் துத்தநாகம் அரிக்கப்பட்டு, செம்பு நிறத் திட்டுகளும் தெரிய ஆரம்பிக்கும். போன படலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மென்மையான பிரஷ், உலர்ந்த பருத்தித் துணி போதும். தினமும் ஏற்றுகிற விளக்கு வேறு கணக்கு, அதைத் துலக்கத்தான் வேண்டும்.

மேலே தெரியும் பச்சை எல்லாவற்றையும் உலோகத்தை அரிக்கும் களிம்பு என்று நினைப்பது அடுத்த தவறு. கெட்டியாக, அசையாமல் படிந்திருக்கும் பச்சையால் பயமில்லை. துடைத்த பின்னும் வெளிர்பச்சைப் பொடியாகத் திரும்பத் திரும்ப உதிர்ந்தால் அது குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து நடத்தும் அரிப்பு. உலோகத்தை உள்ளே தின்றுகொண்டே போகும். பொருளை ஈரமில்லாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1930-இலேயே இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது என்றால், சிக்கல் எவ்வளவு பெரியது என்று புரியும்.

கருப்பாக இருந்தால் பழசு என்று நம்பிவிடாதீர்கள். அமிலம் பூசிக் கருக்க வைப்பது சுலபம். அப்படிச் செய்த பொருளில் கருமை எங்கும் ஒரே சீராக இருக்கும். உண்மையாகப் புழங்கிய பாக்குவெட்டியில் பிடி வழவழப்பாகியிருக்கும், ஆணி தளர்ந்திருக்கும், வேலைப்பாட்டின் இடுக்குகளில் மட்டும் கருமை தங்கியிருக்கும். ஒரு காந்தத்தையும் கையோடு கொண்டுபோங்கள். வெட்டும் அலகு இரும்பாக இருக்கலாம், ஆனால் பித்தளை என்று சொல்லும் இடத்தில் ஒட்டினால் உள்ளே இரும்புதான். எடை போட்டு மட்டும் விலை பேசுவதும் சரியில்லை, வேலைப்பாடு தராசில் ஏறாது.

செட்டிநாட்டுப் பாத்திரங்களில் உளியால் கொத்திய தலைப்பெழுத்துகள் இருக்கும். அழகைக் கெடுக்கிறது என்று சிலர் அவற்றை ராவி எடுத்துவிடுகிறார்கள். மனசு வலிக்கிறது. அந்தப் பாத்திரம் எந்த வீட்டுச் சீர் என்று சொல்ல மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த எழுத்துதான். ராவவே வேண்டாம்.

அப்புறம், சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, விற்பவருக்கு உரிமம் வேண்டும், உலோகச் சிலை என்றால் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். சாமி சிலையில் இது இன்னும் கடுமையான விஷயம். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் பெரிய விலை கொடுத்து வாங்கியது, 2014-இல் திருப்பித் தர நேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத சிலையை, விலை எவ்வளவு இறங்கினாலும், தொடாதீர்கள்.